திருடன் திரும்பி வரும் வீடு

தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். பீரோ திறந்து கிடக்கிறது; நகை போய்விட்டது. போலீஸ் வருகிறது, மோப்ப நாய் தெருமுனைவரை ஓடி நின்றுவிடுகிறது, கைரேகை எடுக்கிறார்கள். அவர்கள் கிளம்பியதும் வாசலில் கூடும் அக்கம்பக்கத்தார் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். “இவ்வளவு கலாட்டா ஆனப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுப்பானா?” என்பது ஒரு கட்சி. “ருசி கண்ட பூனை சும்மா இருக்காது, முதல்ல கதவை மாத்துங்க” என்பது எதிர்க்கட்சி.

எந்தக் கட்சி சரி? அனுபவசாலிகளிடம் கேட்டால் இரண்டுக்கும் சாட்சி சொல்வார்கள். ஆனால் இது சாட்சி தேடித் தீர்க்க வேண்டிய கேள்வி அல்ல, எண்ணித் தீர்க்க வேண்டிய கேள்வி. எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை, களவைத் தடுப்பது எப்படி என்ற சிந்தனையையே வேறு பக்கம் திருப்பியது.

தற்செயல் என்றால் எவ்வளவு?

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு குடியிருப்பில் 1,000 வீடுகள். ஓர் ஆண்டில் 100 களவுகள். திருடர்களுக்கு எந்த வீட்டின் மீதும் தனிப் பிரியம் கிடையாது, குருட்டாம்போக்கில் நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எத்தனை வீடுகளில் ஒரு முறைக்கு மேல் களவு போயிருக்கும்?

ஆயிரம் கட்டம் வரைந்த தரையில் நூறு புளியங்கொட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவினால் சில கட்டங்களில் இரண்டு விழத்தான் செய்யும். பலமுறை தூவிச் சராசரி எடுத்தால், ஒன்றுக்கு மேல் விழுந்த கட்டங்கள் ஐந்து அளவில் இருக்கும். ஆகவே அந்தக் குடியிருப்பில் நான்கைந்து வீடுகள் இருமுறை களவு கொடுத்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெறும் தற்செயல். இருபது வீடுகள் அப்படி இருந்தால்? அது தற்செயல் இல்லை. ஏதோ ஒன்று திருடனை அதே வாசலுக்கு மறுபடி இழுக்கிறது.

இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூட எண்கணிதமே தாராளம். பிறகு ஏன் காவல் நிலையங்களில் இது வெகுகாலம் கண்ணில் படவில்லை? காரணங்கள் அலுவலகம் அறிந்தவருக்கு எளிதில் புரியும். ஒவ்வொரு களவும் தனி வழக்கு, தனிக் கோப்பு. மார்ச் மாத வழக்கை ஒருவர் விசாரித்திருப்பார், மே மாத வழக்கை அவருக்குப் பின் வந்தவர். ஒரே வீட்டின் முகவரி இரண்டு கோப்பில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் கதவில் தொங்கவிட்டிருக்கும் சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் குண்டூசி குத்தினாலும் பயனில்லை. ஒரே இடத்தில் இரண்டாவது ஊசி குத்தும்போது பார்ப்பவருக்கு ஒன்றுதான் தெரியும்.

கர்க்ஹோல்ட் குடியிருப்பு

இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் என்றொரு பழைய நெசவாலை ஊர். அதன் புறத்தே உள்ளாட்சி மன்றம் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளின் தொகுப்பு கர்க்ஹோல்ட். மொத்தம் 2,280 வீடுகள். 1980களின் நடுவில் வேலையின்மை பிடித்தாட்டிய இடம். 1986-87இல் மட்டும் அங்கே 526 களவுகள் பதிவாயின. நான்கைந்து வீட்டுக்கு ஒரு களவு! பிரிட்டனில் களவுக்குப் பேர்போன பகுதிகளின் சராசரியைவிட இது இருமடங்குக்கும் மேல்.

பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் இங்கே ஒரு பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கென் பீஸ் என்ற உளவியலாளர், உள்ளூர்க் காவல் துறையினர், நன்னடத்தை அலுவலர்கள் எல்லாரும் ஒரே குழுவானார்கள். அவர்கள் செய்த முதல் வேலை, போலீஸை அதிகப்படுத்துவது அல்ல, விசாரிப்பது. களவு கொடுத்தவர்களைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். பிடிபட்ட திருடர்களிடமும் போய், எந்த வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தாய், எது உன்னைத் தடுத்திருக்கும் என்று கேட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

ஒன்று, ஒருமுறை களவு போன வீட்டில் மறுபடி களவு போகும் வாய்ப்பு, இதுவரை களவு போகாத வீட்டுக்கு இருந்ததைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ருசி கண்ட பூனைக் கட்சிக்கே வெற்றி. இப்படி அதே வீட்டில் மீண்டும் நடப்பதை இனி ‘மறுகளவு’ என்று அழைப்போம்.

இரண்டாவது கண்டுபிடிப்பு மீட்டர் பெட்டியில் இருந்தது. அன்றைய பிரிட்டனில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு மின்சாரமும் எரிவாயுவும் நாணயம் போட்டால்தான் வரும். போடும் காசு வீட்டுக்குள்ளேயே மீட்டரின் அடியில் ஓர் உண்டியலில் சேரும்; வசூலிப்பவர் வந்து திறக்கும்வரை அங்கேயே இருக்கும். கர்க்ஹோல்ட் களவுகளில் ஏறக்குறைய பாதியில் உடைக்கப்பட்டது இந்த உண்டியல்தான். திருடனின் கோணத்தில் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கினால் சுமக்க வேண்டும், விற்க ஆள் பிடிக்க வேண்டும். இதுவோ ரொக்கம். அதைவிட, ஒருமுறை காலி செய்தாலும் தானாக மறுபடி நிரம்பிவிடும். திரும்பி வராமல் என்ன செய்வான்?

பூட்டு, மீட்டர், ஆறு வீடுகள்

குழு எடுத்த நடவடிக்கைகளில் வீரதீரம் எதுவும் இல்லை. களவு போன வீட்டுக்கு உடனடியாக ஆள் அனுப்பினார்கள். திருடன் எந்த வழியாக நுழைந்தானோ அந்தக் கதவையோ சன்னலையோ பலப்படுத்தினார்கள். நாணய மீட்டர்களை மின்சார, எரிவாயு நிறுவனங்களிடம் பேசிக் கழற்றவைத்தார்கள்.

மூன்றாவது நடவடிக்கைதான் எனக்கு மிகப் பிடித்தது. ஊர் முழுவதற்கும் ஒரு கண்காணிப்புச் சங்கம் அமைக்கவில்லை. அப்படிப்பட்ட சங்கங்களின் கதி நமக்குத் தெரியும். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர், மூன்றாவது கூட்டத்துக்குச் செயலாளர் மட்டும். அதற்குப் பதிலாக, களவு போன வீட்டைச் சுற்றியுள்ள ஏறத்தாழ ஆறு வீட்டாரிடம் மட்டும் பேசினார்கள். அந்த வீட்டின் மீது ஒரு கண் வைத்திருங்கள், அன்னியர் நடமாட்டம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிய கூடு போல இருந்ததால் ஆங்கிலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு அந்தப் பெயரே வைத்தார்கள். ஆறு வீட்டாரும் சம்மதிக்கக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டில் நேற்றுத்தான் நடந்திருக்கிறது, பயம் ஆறவில்லை.

அடுத்த ஆண்டு 526 என்பது 223 ஆனது. அதற்கடுத்த ஆண்டு 167. மூன்றாம் ஆண்டு 132. நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. இங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் பக்கத்துப் பகுதிக்குப் போய்க் கைவரிசை காட்டியிருப்பார்களோ என்றால், அங்கேயும் களவு கூடவில்லை.

இதில் எந்த மருந்து வேலை செய்தது? மீட்டரா, பூட்டா, ஆறு வீட்டாரா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ததால் பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாம் கட்டத்தில் கடனில் தத்தளித்தவர்களுக்காக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம்கூடத் தொடங்கினார்கள். அதன் பங்கு எவ்வளவோ. இதே திட்டத்தை வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது விளைவு கலவையாகவே இருந்தது. உண்டியல் மீட்டர் இல்லாத ஊரில் உண்டியல் மீட்டரைக் கழற்ற முடியாது அல்லவா? கர்க்ஹோல்ட் காட்டியது ஒரு மருந்தை அல்ல, மருந்து இட வேண்டிய இடத்தை: கையில் இருக்கும் சொற்பப் பூட்டுகளை எங்கே பொருத்துவது என்பதற்கான விடையை.

அந்த விடையின் மதிப்பை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு ஐம்பது வீட்டில் ஒன்றில் களவு போகும் சாதாரண நகரம் ஒன்றில் உங்களிடம் 100 நல்ல பூட்டுகள் இருக்கின்றன. கண்ணில் பட்ட வீடுகளில் பொருத்தினால், அந்த ஆண்டில் திருடன் தேடி வரப்போகும் வீடுகளில் இரண்டுக்குத்தான் பூட்டுக் கிடைத்திருக்கும். சமீபத்தில் களவு போன நூறு வீடுகளில் பொருத்தினால், எட்டு வீடுகளுக்கு. பூட்டும் அதே, செலவும் அதே.

முதல் வாரத்தின் கெடு

அடுத்த துப்பு கனடாவின் சாஸ்கட்டூன் நகரிலிருந்து வந்தது. அங்கே 1980களின் களவுப் பதிவுகளை எடுத்து, முதல் களவுக்கும் மறுகளவுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்த்தார்கள். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஆபத்து சுமார் நான்கு மடங்கு. ஆனால் அந்த ஆபத்து ஆண்டு முழுக்கச் சீராகப் பரவியிருக்கவில்லை. முதல் மாதத்தில் அது பன்னிரண்டு மடங்கு! ஆறு மாதம் போவதற்குள் மற்ற வீடுகளின் நிலைக்கு அருகே இறங்கிவிட்டது. முதல் மாதத்தில் நடந்த மறுகளவுகளிலும் பாதி, முதல் ஏழு நாளுக்குள் நடந்துவிட்டன.

அரசு அலுவலகத்துக்கு இது அசௌகரியமான செய்தி. விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிந்து ஆறாவது வாரம் தச்சர் வந்து கதவைப் பலப்படுத்தினால், அவர் ஆபத்து பெருமளவு தணிந்துவிட்ட கதவுக்குத்தான் தாழ்ப்பாள் போடுகிறார்.

ஏன் இப்படி வேகமாகத் தணிகிறது? இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, குறை வீட்டில் இருக்கிறது. பின்பக்கச் சந்து இருட்டு, மதில் குட்டை, சன்னல் கம்பி மெல்லிது. வருகிற திருடனுக்கெல்லாம் அது எளிய வீடு. ஆகவே வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் வருகிறார்கள். இரண்டாவது, மாற்றம் திருடனின் மண்டையில் நடக்கிறது. ஒருமுறை உள்ளே போனவனுக்கு பீரோ எந்த அறையில், நாய் உண்டா, எத்தனை மணிக்கு வீடு காலி, அவசரத்தில் விட்டுவந்த பொருள் எது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. காப்பீடு உள்ள நாடுகளில், போன பொருளுக்குப் பதில் புதியது வந்திறங்கும் என்பதும் தெரியும்.

மதில் ஆறு மாதத்தில் தானாக உயராது. திருடனின் தகவல் பழசாகும். எனவே வேகமான தணிவு இரண்டாவது விளக்கத்தின் பக்கமே சாய்கிறது. உறுதியான சாட்சி பிடிபட்டவர்களின் பதிவுகளில் கிடைத்தது. நெதர்லாந்தில் துப்புத் துலங்கிய களவுகளைச் சோடி சோடியாக ஒப்பிட்டபோது, இடத்திலும் நாளிலும் நெருங்கியிருந்த சோடிகளில் பெரும்பாலும் ஒரே ஆள் அல்லது ஒரே கும்பல்தான் இரண்டையும் செய்திருந்தது. முதல் விளக்கம் பொய் என்று இதற்குப் பொருளில்லை; இரண்டும் கலந்தே நடக்கின்றன. ஆனால் முதல் சில வாரங்களில் வருவது புதியவன் அல்ல, பழகியவன்.

ரத்தப் புற்றுநோயிடம் கடன் வாங்கிய கணக்கு

சரி, அதே வீட்டுக்குத்தான் வருவானா? பக்கத்து வீட்டுக்கு?

இந்தக் கேள்விக்கான கருவி மருத்துவத்திலிருந்து வந்தது. 1964இல் நாக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் தொற்றிப் பரவுகிறதா என்று பார்க்க விரும்பினார். வட இங்கிலாந்தில் பத்தாண்டுகளில் கண்டறியப்பட்ட 96 குழந்தைகளின் விவரம் அவரிடம் இருந்தது. வெறுமனே வரைபடத்தில் கூட்டமாகத் தெரிவது போதாது. குழந்தைகள் அதிகம் உள்ள ஊரில் நோயாளிகளும் அதிகம் இருப்பார்கள். எனவே அவர் ஒவ்வொரு குழந்தையையும் மற்ற ஒவ்வொன்றோடும் சோடி சேர்த்தார். 4,560 சோடிகள். ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அறுபது நாளுக்குள்ளும் அமைந்த சோடிகள் எத்தனை என்று எண்ணினார். தற்செயல் என்றால் ஒன்றுகூடத் தேறாது. அவருக்குக் கிடைத்தவை ஐந்து.

குழந்தைகளுக்குப் பதிலாகக் களவுகளை வைத்தால் போதும். ஒரு நகரத்தின் ஓராண்டுக் களவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோடிகளிலும், 200 மீட்டருக்குள்ளும் 14 நாளுக்குள்ளும் அமைந்தவற்றை எண்ணுங்கள். பிறகு, இடங்களை அப்படியே விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைத்து மறுபடி எண்ணுங்கள். கணினியைக் கொண்டு ஆயிரம் முறை கலைத்து எண்ணலாம். கலைத்தபின் வரும் எண்ணிக்கை, தற்செயல் தரும் எண்ணிக்கை. உண்மை எண்ணிக்கை அதைத் தாண்டி நின்றால், ஒரு களவு தன் அருகே இன்னொன்றை உண்டாக்குகிறது என்று பொருள். களவு அதிகமுள்ள பேட்டை என்பதாலேயே அப்படித் தெரிகிறது என்ற சந்தேகம் இங்கே எழாது. ஏனென்றால் கலைக்கும்போது பேட்டை அங்கேயேதான் இருந்தது. தேதி மட்டுமே மாறியது.

2003இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இப்படிக் கணக்கிட்டவர்கள் களவு தொற்றுவதைக் கண்டார்கள். லிவர்பூல் நகரை உள்ளடக்கிய மெர்சிசைடில் கேட் பவர்ஸ், ஷேன் ஜான்சன் இருவரும் அதையே கண்டார்கள். பிறகு ஐந்து நாடுகளின் பத்து இடங்களில் ஒப்பிட்டார்கள். அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஆனாலும் களவு நடந்த வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குள், குறைந்தது இரண்டு வாரத்துக்கு, ஆபத்து கூடியிருப்பது எல்லா இடங்களிலும் பொதுவாக இருந்தது. இதை ‘அண்டைக்களவு’ எனலாம்.

மெர்சிசைடில் இன்னொரு நுணுக்கம்: எதிர்ச்சாரி வீடுகளைவிட, அதே சாரியில் உள்ள வீடுகளுக்கே ஆபத்து கூடுதல். குயின்ஸ்லாந்திலோ, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக இருக்கும் பகுதிகளில் தொற்று பலமாக இருந்தது. ஒரு வீட்டின் உள்ளமைப்பு தெரிந்தால் பத்து வீட்டின் உள்ளமைப்பும் தெரிந்தமாதிரிதானே.

விலங்கியலில் இதற்கு ஒப்பான நடத்தை உண்டு. இரை தேடும் விலங்கு ஓர் இடத்தில் நல்ல தீனி கண்டால் அங்கேயே சுற்றி மேயும். தீனி குறைந்தாலோ வேட்டைக்காரன் வாடை அடித்தாலோ அடுத்த இடத்துக்கு நகரும். பவர்ஸும் ஜான்சனும் திருடனை அப்படித்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் போலீஸின் வேலை ஒவ்வொரு மேய்ச்சலையும் சீக்கிரமே கசப்பாக்குவது.

பதினைந்து நிமிடம் நின்றால் போதும்

மான்செஸ்டரை ஒட்டிய டிராஃபோர்டில் 2010இல் இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு களவுக்குப் பிறகும் அதைச் சுற்றி ஒரு வட்டம். நாள் ஆக ஆக வட்டத்தின் நிறம் வெளிறும். ரோந்துக்காரர்களுக்கு அந்த வரைபடம் கையில் தரப்பட்டது. ஓராண்டில் டிராஃபோர்டில் வீட்டுக் களவு சுமார் 27 சதவீதம் குறைந்தது. மான்செஸ்டர் பெருநகரம் முழுவதிலும் அதே காலத்தில் குறைந்தது சுமார் 10 சதவீதம். முறையான சோதனை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தும் வித்தியாசம் இல்லை.

ரோந்து என்றால் ஊரெல்லாம் சுற்றுவது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவின் கேன்சஸ் நகரில் 1972-73இல் பதினைந்து பகுதிகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றில் ரோந்தை நிறுத்தினார்கள், ஒன்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், ஒன்றை அப்படியே விட்டார்கள். மூன்றிலும் குற்றம் ஒரே மாதிரிதான் இருந்தது. மக்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை!

அதன்பின் வந்த மினியாபொலிஸ் ஆய்வு காரணத்தைக் காட்டியது. அந்நகரில் போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, மொத்த முகவரிகளில் வெறும் 3 சதவீதத்துச் சொச்சத்திலிருந்து வந்தன. கடைக் கொள்ளை இன்னும் குவிந்து நடப்பது. பாஸ்டனில் 1980 முதல் 2008 வரை நடந்த கடைக் கொள்ளைகளில் ஏறக்குறைய பாதி, தெருத் துண்டுகளிலும் சந்திப்புகளிலும் ஒரே ஒரு சதவீதத்தில் நடந்தது. மற்ற தொண்ணூற்றொன்பதில் ரோந்து வண்டி சுற்றினால் பெட்ரோல்தான் செலவாகும்.

குவிந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? மினியாபொலிஸில் போலீஸ் நின்ற நேரத்தையும், போனபின் எவ்வளவு நேரம் அமைதி நீடித்தது என்பதையும் கிறிஸ்டபர் கோப்பர் கணக்கிட்டார். பத்து முதல் பதினைந்து நிமிடம்வரை, நிற்க நிற்கப் பலன் கூடியது. அதற்குமேல் நிற்பது வீண். ஆக, ஒரே இடத்தில் கூடாரம் போடுவதைவிடச் சிறிது நேரம் நின்று, நகர்ந்து, எதிர்பாராத நேரத்தில் மறுபடி வருவது நல்லது. நம்மூரில் பீட் காவலர் வந்துபோனதற்கு அத்தாட்சியாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்திடுவது உண்டு. கையெழுத்திட எடுக்கும் அரை நிமிடம், கோப்பர் சொன்ன கணக்கில் சேராது.

வரைபடத்தில் வராதவை

எண்களைப் புகழ்ந்தது போதும். அவற்றின் நாணயத்தையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக் களவுக்கு ஒரு விசித்திரமான குறை: அது எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. குடும்பம் பொங்கலுக்கு 13ஆம் தேதி ஊருக்குப் போய் 18ஆம் தேதி திரும்புகிறது. பூட்டு உடைந்திருக்கிறது. பதிவேட்டில் என்ன தேதி எழுதுவார்கள்? பெரும்பாலும் கண்டுபிடித்த தேதி. அப்படி எழுதியதை நம்பிக் கணக்குப் போட்டால், ஊர்க்களவெல்லாம் 18ஆம் தேதியே நடந்ததாகத் தெரியும். இதற்கு ஜெர்ரி ராட்கிளிஃப் முதலானோர் கண்ட பரிகாரம் எளிமையானது. களவை ஐந்து இரவுகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொரு இரவுக்கும் ஐந்தில் ஒரு பங்கு எழுதுவது. ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் இது அபத்தம்; ஐந்தில் ஒரு பங்கு களவு எங்கே நடக்கும்? ஐந்நூறு வீடுகளைச் சேர்த்தால், எந்த நாளில் பங்குகள் குவிகின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய குறை, பதிவே ஆகாத களவு. காப்பீட்டுத் தொகை வாங்கப் போலீஸ் பதிவு எண் வேண்டும் என்பதால் இங்கிலாந்தில் பலர் களவைத் தவறாமல் புகார் செய்கிறார்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப்பட்டு, எஃப்.ஐ.ஆர். வரை போகாத புகார்களைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து வரையும் படம், எந்த நிலையத்தில் களவு அதிகம் என்பதைவிட, எந்த நிலையத்தில் எழுத்தர் ஒழுங்காக எழுதுகிறார் என்பதையே காட்டக்கூடும். நியூயார்க்கிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1994இல் அங்கே வாராவாரம் குற்ற எண்ணிக்கையை முன்வைத்து நிலைய அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் முறை வந்தது. எண் குறையாவிட்டால் மேலதிகாரி முன் மானம் போகும் என்ற நிலையில், சில நிலையங்களில் பெரிய குற்றங்கள் சின்னப் பிரிவுகளில் பதிவாகத் தொடங்கின.

நிலநடுக்கமும் சதுரங்களும்

இந்தக் கதையின் கடைசிப் பகுதி கலிஃபோர்னியாவில் நடக்கிறது. பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் சிறு அதிர்வுகள் தொடர்வதும், அவை நாளாக நாளாக அடங்குவதும் அங்கே எல்லாரும் அறிந்தது. ஜார்ஜ் மோலர் என்ற கணிதவியலாளரும் ஜெஃப் பிராண்டிங்ஹாம் என்ற மானிடவியலாளரும், அந்த அதிர்வுகளுக்கான கணிதத்தைக் களவுக்குப் பொருத்தினார்கள். சாஸ்கட்டூனில் கண்ட தணிவும் மெர்சிசைடில் கண்ட தொற்றும் ஒரே சூத்திரத்தில் அடங்கின. அதிலிருந்து ப்ரெட்பால் என்ற நிறுவனம் பிறந்தது. ஊரை ஏறத்தாழ 150 மீட்டர்ச் சதுரங்களாக வெட்டி, இன்று எந்தச் சதுரத்தில் குற்றம் நடக்க வாய்ப்பு என்று தினமும் சொல்லும் மென்பொருள் அது. 2011இல் சாண்டா குரூஸ் நகரம் அதைப் பரிசோதித்தது. லாஸ் ஏஞ்சலிஸும் எடுத்துக்கொண்டது.

2015இல் வெளியான ஆய்வு, அனுபவமுள்ள குற்றப் பகுப்பாய்வாளரைவிட இந்தச் சூத்திரம் 1.4 முதல் 2.2 மடங்கு சரியாகக் கணித்ததாகவும், லாஸ் ஏஞ்சலிஸில் குற்றம் 7.4 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னது. ஆய்வை எழுதியவர்களில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். இந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத இன்னொரு கணிப்பு முறை லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் சோதிக்கப்பட்டது. ராண்ட் ஆய்வு மையம் அதை 2014இல் மதிப்பிட்டபோது சொல்லும்படியான குறைவு எதுவும் தெரியவில்லை. சதுரம் வந்தது, சதுரத்துக்குப் போனபின் என்ன செய்வது என்பதில் காவல் சரகத்துக்குச் சரகம் வேறுபாடு. நியூஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் ஒரு பத்திரிகைக் குழு 23,631 கணிப்புகளைச் சரிபார்த்தது. பதிவான குற்றத்தோடு பொருந்தியவை நூற்றுக்கும் குறைவு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். களவைப் புகார் செய்பவர் பறிகொடுத்தவர். போதைப்பொருள் வழக்கிலோ, போலீஸ் போய்த் தேடிய இடத்தில்தான் வழக்கு உண்டாகிறது. தேடிய இடத்தில் கிடைக்கும். கிடைத்த இடத்தைச் சூத்திரம் மறுபடி காட்டும். மறுபடி அங்கேயே தேடுவார்கள். கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் இருவரும் ஓக்லண்டின் போதை வழக்குகளை இத்தகைய சூத்திரத்துக்குள் செலுத்தியபோது, அது கறுப்பர் பகுதிகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. ஆய்வுகளின்படி அந்நகரில் போதைப் பழக்கமோ எல்லாப் பகுதிகளிலும் பரவிக் கிடந்தது. சிகாகோ இன்னும் ஒரு படி போய், இடத்துக்குப் பதில் ஆட்களுக்கே மதிப்பெண் போட்டுப் பட்டியல் வைத்தது. அந்தப் பட்டியலால் வன்முறை குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னர் அதைக் கைவிட்டார்கள். மறுகளவை எண்ணத் தொடங்கியபோது கண்ணில் பட்டது ஒரு கதவும் ஒரு வாரமும்தான். யார் என்ற கேள்வி அதில் இல்லை. அதைச் சேர்த்தது பின்னால் வந்தவர்களின் ஆசை.

லாஸ் ஏஞ்சலிஸ் 2020 ஏப்ரலில் ப்ரெட்பாலை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் சாண்டா குரூஸ், முதலில் சோதித்த அதே நகரம், இத்தகைய கணிப்பு முறைகளுக்கே தடை விதித்தது. நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது. 2023 முடிவில் மூடப்பட்டது.

ஐந்து நாடுகளில் கண்ட இருநூறு மீட்டரும் இரண்டு வாரமும் அந்த மென்பொருளோடு போய்விடவில்லை. அதற்கு உரிமக் கட்டணமும் கிடையாது. நிலையத்தில் இருப்பவர் காலையில் நேற்றைய களவு முகவரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பதினான்காம் நாளின் தேதியை ஓரத்தில் எழுதி, ரோந்துக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடலாம். அதே சாரியில் உள்ள வீடுகளை முதலில் தட்டிச் சொல்லச் சொல்லலாம். கதவைப் பலப்படுத்தும் தச்சருக்கு யார் பணம் தருவது என்பதில்தான் இழுபறி. கர்க்ஹோல்டில் அந்தப் பணம் வேறு துறைகளிலிருந்து வந்தது, மீட்டரைக் கழற்றியதும் மின்சார, எரிவாயு நிறுவனங்கள். ரோந்து வண்டி வாங்க ஒதுக்கீடு உள்ள காவல் துறைகள் பலவற்றில் தாழ்ப்பாள் வாங்கத் தலைப்பே இல்லை.